உள்ளே நுரையீரல் அடக்கம்

செத்துப்போன ஆட்டுக்குத் துக்கம் விசாரித்த மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடியில் இருந்தார். எழுபதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசுக்கு அடுத்த கட்டிடம்தான் அவருடைய சர்க்கார் ஆபீஸ்; செத்த ஆடுமாடுகளை அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் இடம். போர்டில் 'கால்நடை நோய்க்குறியியல்' என்று போட்டிருந்தது. வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் ஊர் வைத்த பெயர் அறுவை டாக்டர். கத்தியாலும் அறுப்பார், பேச்சாலும் அறுப்பார், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்.

அவர் வாயில் 'செத்தது' என்ற சொல்லே வராது. எலியானாலும் 'காலமானார்'தான். ஆட்டைப் பறிகொடுத்த வியாபாரி வயிற்றெரிச்சலோடு வந்து நின்றால், நாற்காலி போட்டு உட்காரவைத்து, எப்போது காலமானார், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஆரம்பிப்பார். உடன்குடிக்காரர் ஒருவருக்கு அந்த வாரம்தான் மாமனாரும் தவறியிருந்தார். டாக்டர் மாமனாரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, ரெண்டு இட்லி, கொஞ்சம் கருப்பட்டிக் காப்பி என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்கு இட்லி கொடுத்தது யார் என்று டாக்டர் போட்ட குறுக்கு விசாரணையில் அந்த மனிதர் ஆட்டையும் மறந்து, மாமனாரையும் மறந்து எழுந்து ஓடினார்.

அப்போது இங்கேயிருந்து கொழும்புக்குத் தோணியில் ஆடு போகும். ஒரு மழைக்காலத்தில் பட்டியில் நின்ற ஆடுகள் இருமி இருமி விழுந்தன. நம் நாட்டுக் கால்நடை டாக்டர்கள் சங்கத்து நிபுணர்கள் அது சளிக்காய்ச்சல் என்றார்கள். கொழும்புச் சங்கத்தார் கொள்ளைநோய் என்றார்கள். சீமையிலிருந்த சங்கம் வாயில் நுழையாத மூன்றாவது பெயர் ஒன்றைச் சொன்னது. கொழும்பில் ஆட்டை இறக்கவே விடவில்லை. வியாபாரிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

"ஒரு நோய்க்கு மூணு பேரு இருந்தா, எந்தப் பேருக்குவே மருந்து குடுக்கது?" என்பார் டாக்டர். மூன்று சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நுரையீரலைப் பார்த்து, ஒரே பெயர் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது. எழுதி எழுதி, கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் மூன்றையும் கொழும்பில் கூட ஒப்புக்கொள்ள வைத்தும்விட்டார். சீமைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். பக்கத்துக் கரையிலிருந்த இவருக்கு மட்டும் டிபார்ட்மெண்டில் அனுமதி தரவில்லை.

ஒரு நாள் முழுக்க யாரையும் அறுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள், அந்த நோயில் போன ஆடுகளில் அவர் கெடாமல் எடுத்துவைத்திருந்த ஒரே நுரையீரல் ஃபார்மலின் ஜாடியில் மிதப்பதைக் காட்டி, "நான் போகலேன்னா என்ன? அவரு போறாருல்லா" என்றார்.

பாதியை இங்கே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். முழுசாகப் பார்த்தால்தான் மூவருக்கும் ஒரே பெயர் தோன்றும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். வைக்கோல் வைத்துக் கட்டிய மரப்பெட்டிக்கு இரண்டு கரையிலும் அனுமதி வாங்கினோம். தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் பரதவர், மாதா கோயில் பூசை தவறாதவர், தமிழ் மட்டும்தான் வாசிப்பார். அவருக்காகவே டாக்டர் பெட்டிமேல் தன் கைப்பட எழுதினார்: 'காலமானவரின் நுரையீரல் உள்ளே அடக்கம். கடலில் மரியாதையுடன் நடத்தவும்.'

கடைக்காரர் 'செலவு அடக்கம்' என்று பில்லில் எழுதுவாரே, டாக்டர் மனதில் இருந்தது அந்த அடக்கம்; மரியாதை என்றது பெட்டியை அலுங்காமல் கொண்டுபோவதை. தண்டலுக்குத் தெரிந்ததோ கல்லறைத் தோட்டத்து அடக்கம் ஒன்றுதான். அனுமதிக் காகிதமெல்லாம் இங்கிலீஷில்; பெட்டியைக் கூலியாள் ஏற்றிவிட்டான், வாயால் சொல்ல நாங்கள் யாரும் போகவில்லை.

தோணி திரும்பியதும் தண்டல் சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு, துக்க வீட்டு முகத்தோடு வந்து நின்றார்.

"அய்யா, ஒரு கொறையும் வைக்கல. நடுக்கடல்ல பாய எறக்கிட்டு, எல்லாரும் முட்டங்கால் போட்டு செபம் சொன்னோம். பெட்டியில கல்லு கட்டி நல்லடக்கம் பண்ணிட்டோம்."

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை தெரியாது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பாட்டு படிச்சியளா?" என்று மட்டும் கேட்டார்.

"படிக்காமயா? நம்ம பயலுவ அழுதுட்டானுவய்யா."

"ரொம்ப சந்தோசம், தண்டல்" என்று கும்பிட்டார். தண்டல் போனபிறகு, கதவைச் சாத்திவிட்டு, "தப்பு அவரு மேல இல்ல, என் தமிழ் மேல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொழும்பு மேசையில் எங்கள் ஜாடிக்கு விட்டிருந்த இடம் கடைசிவரை காலியாக இருந்ததாம். மூன்று சங்கமும் மூன்று பெயரோடு கலைந்தன. இங்கே ஆடு வரத்து நின்று, அந்த நோயும் ஊரைவிட்டுப் போயிருந்தது. வேறு நுரையீரலுக்கு எங்கே போவார்? அவர் இருந்தவரை அவர்கள் மறுபடி கூடவில்லை. அடப்பாவி, ஒரு சொல்லை மாற்றி எழுதியிருக்கலாமே என்று இப்போதும் மனது அடித்துக்கொள்கிறது.

அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் தண்டல் தலைத்துண்டை அவிழ்ப்பாராம். தோணி திரும்பும்போது டாக்டரும் கரைக்குப் போய், "நம்ம ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்பார். "அமைதியா இருக்காருய்யா" என்பார் தண்டல். கடைசிவரை அவருக்கு விஷயம் தெரியாது.

டாக்டரும் காலமாகி வருஷங்களாகின்றன. இப்போது யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு மணி நேரம் நுரையீரலைப் பற்றி அறுத்தால் தேவலை என்றிருக்கிறது.