ரத்தம் சொன்ன பொய்

"இவளுக்கு இருபத்துநாலு வயசு சார்! எப்படி சார் இப்படி வரும்?"

தம்பானூர் லாப் கவுண்டரில் சேஷன் கத்தினார். கையிலிருந்த தாள், மனைவி விஜயலக்ஷ்மியின் வயிற்றுக் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பு நூற்றிப்பத்தில் ஒன்று என்றது. அவள் வயதில் ஆயிரத்தில் ஒன்றுகூட அபூர்வம்.

இது தீர்ப்பல்ல. கருவால் தாயின் ரத்தத்தில் சேரும் சில பொருட்களை அளப்பார்கள். அவை வாரத்துக்கு வாரம் மாறும். அந்தந்த வாரத்துக்குரிய அளவோடு ஒப்பிட்டு, தாயின் வயதையும் சேர்த்து, கம்ப்யூட்டர் ஒரு வாய்ப்பைச் சொல்லும். சந்தேகம் பலமானால் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுப்பார்கள். அதில் கரு கலையும் அபாயம் கொஞ்சம் உண்டு. விஜயலக்ஷ்மியின் பயமெல்லாம் அந்த ஊசிதான். திங்கட்கிழமை டாக்டர் முடிவு சொல்வார்.

"யாரோட ரத்தத்தையோ உன் பேர்ல போட்டுட்டா!" என்றார் சேஷன். தணிக்கை அலுவலகத்தில் பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதே அவர் உத்தியோகம்.

பழவங்காடியில் வேறொரு லாபுக்கு அழைத்துப் போனார். 'எத்தனை வாரம்?' என்றது படிவம். சேஷன் விரல் மடக்கினார். "ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அஞ்சு மாசம். போன தடவை நாலாலே பெருக்கி இருபதுன்னு எழுதிட்டேன். அது அசட்டுக் கணக்கு." நூற்றைம்பது நாளை ஏழால் வகுத்து, மீதியையும் விடாமல் இருபத்திரண்டு என்று எழுதினார்.

மூன்றாம் நாள் இருவரும் அங்கேயே போய்த் தாளை வாங்கினார்கள். நாற்பதில் ஒன்று!

"ரெண்டு லாபும் கூட்டு! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கறேன்!"

"ஏன்னா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீ பேசாம உக்காரு. டென்ஷன் ஆகப்படாது."

ரத்தம் எடுக்கும் ஓமனா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சேஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மோளே, கடைசியா மாசமுறை வந்தது எந்தத் தேதி?"

"ஆனி இருபத்தொம்பது. இதை இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்டே கேக்கலை!" விஜயலக்ஷ்மி எழுந்து நின்றுவிட்டாள். கோபத்தில்தான்.

ஆனி மலையாளக் கணக்கில் மிதுனம். ஓமனா சுவர் காலண்டரைப் புரட்டி ஜூலை பதின்மூன்றில் விரல் வைத்து, ரத்தம் எடுத்த நாள்வரை வாரம் வாரமாக எண்ணினாள். உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றச் சொன்னாள். புதுத் தாள் வந்தது. இரண்டாயிரத்தில் ஒன்று.

"பாத்தேளா! மெஷின்தான் தப்பு!"

"மெஷின் சரியாக்கும், சாரே. ஆனியில கிட்டினது நாலே நாளு, ஐப்பசி இன்னும் முடியல்ல. ரெண்டையும் முழு மாசமா எண்ணினது நீங்க. குழந்தைக்கு இருபத்திரண்டு இல்ல, பதினாறு வாரம்."