நிலா டிப்போ, இரண்டாம் பாகம்

"உள்ளதை உள்ளபடி சொல்லணும் தம்பி, கேட்டோ?" என்று மலையாள வாடையில் சொன்னபடி பத்மகுமார் ஸ்பீக்கரைக் கைலாஷின் பக்கம் திருப்பினார்.

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்வது வழக்கம். வலியசாலையின் இந்த வீட்டில் பெண்ணின் அப்பா பாடினார், ஸ்பீக்கரில்.

இருபது வருடங்களுக்கு முன் அவர் வெளியிட்ட 'நிலா டிப்போ' ராக் ஆல்பம் கைலாஷுக்கு மனப்பாடம். தம்பானூரில் புறப்பட்ட பஸ் வழிதவறி நிலாவுக்குப் போகும் கதை, ஒன்பது பாட்டுகளில். அட்டையில் 'பாடல், இசை, கிட்டார்: பத்மகுமார்'. போன மாதம் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த பஸ்ஸின் டிரைவர் பென்ஷனுக்கு மனு எழுதுகிறார். பன்னிரண்டு பாட்டிலும்.

மாலை வகுப்பில் பழக்கமான ஆர்யா நேற்றே சொல்லியிருந்தாள்: "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு. அப்பா கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருவார்."

"நல்லா இருக்கு சார்."

"அப்போ முதல்லேருந்து இன்னொரு தடவை கேப்போம்."

நாலாவது பாட்டில் கைலாஷ் தப்பிக்கப் பார்த்தான். "மூணாவதுதான் சார் உச்சம். அதோட நிறுத்திக்கலாம்."

பத்மகுமார் கிட்டாரை எடுத்து அதை நேரிலேயே பாடினார். சமையலறையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஸ்ரீப்ரியா கதவைச் சாத்திக்கொண்டார்.

"ரிசப்ஷன்ல பன்னிரண்டையும் பாடிரலாம், அல்லே?"

கைலாஷின் அம்மா வடிவம்மாளுக்குப் புரையேறியது.

வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான் கைலாஷ். கூடவே குறிப்பு நோட்டும் விழுந்தது. எதைக் கேட்டாலும் எழுதி, சரிதானா என்று சந்தேகப்பட்டு, அடித்துத் திருத்தி எழுதுகிறவன் அவன். பத்மகுமார் அதை எடுத்து உரக்க வாசித்தார்.

"'நிலா டிப்போ 2. மூன்றாவது பாட்டு: இதைவிட பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு இனிமை.'"

"அது வேற ஆல்பம் சார்."

"வேற நிலா டிப்போவா?"

"எம் பையன் பொய்யே சொல்ல மாட்டான்," என்றார் வடிவம்மாள். பிறகு யோசித்து, "இன்னைக்குத்தான்..." என்று இழுத்தார்.

ஆர்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். பத்மகுமார் கிட்டாரை மெல்லக் கீழே வைத்தார்.

"முதல் பாகத்துக்கு ஒண்ணும் எழுதலியா?"

"முந்தின பக்கம் சார்."

புரட்டினார். "'குறை எதுவும் கிடைக்கவில்லை. இதை எழுதிய கையைப் பிடித்து ஒருமுறை நன்றி சொல்ல வேண்டும்.'"

இதுதான் சமயம் என்று கைலாஷ் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனான். பத்மகுமார் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

சமையலறைக் கதவு திறந்தது. ஸ்ரீப்ரியா எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினார்.

"இதைப் பிடிங்க மாப்பிள்ளை. ரெண்டாம் பாகம் மட்டும்தான் அவர் எழுதினது."