பனிமலைப் படிவமும் கட்டிய பந்தலும்

ஈப்போ,
16.11.1979

அன்புள்ள கஸ்பார் அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் ஓட்டல் வேலையும் குளிரும் உங்களை வாட்டாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள்தான் செவ்வாய்க்கிழமை இறந்துபோனீர்கள்.

அன்று மதியம்தான் உங்கள் கடிதமும் படிவமும் வந்தன. அப்பா ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்ததும் உரக்க வாசித்தேன். சறுக்குக் கட்டைகளின் அடியில் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு பனிமலையில் நடந்தே ஏறுவது, உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது, இந்தக் குளிர்காலத்தில் அதைப் பழகப்போவது, இருபத்தொரு வயது ஆகாததால் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்பது வரை ஒரு வரி விடவில்லை.

“ஏறிப் போயி அங்க என்னா வேல?” என்றார் அப்பா.

“இறங்குறதுதான்பா.”

“சீவுறதுக்கு மரமாச்சும் இருக்கா?”

“மரமே முளைக்காத உயரமாம்பா.”

கொண்டுபோகும் சாமான்களில் மண்வெட்டி என்றதும் அம்மா, “பனியில எதுக்குடி மண்வெட்டி?” என்று கேட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க எனக்கு வராது. சரிந்த பனியில் புதைந்தவரைத் தோண்டி எடுக்க என்றேன். நீளக் கம்பி, எங்கே புதைந்தார் என்று குத்திப் பார்க்க என்றேன். அதே மூச்சில் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியையும் தமிழில் சொன்னேன்: உடலை எங்கே அனுப்ப வேண்டும்?

“ஐயோ, எம்புள்ள கஸ்பாரு!” என்று அம்மா அலறினார். நம் தோட்டத்து லயத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், அழுகைச் சத்தம் கேட்டால் முதலில் வருவார்கள், பிறகுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார், தோட்ட ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டுவந்து அரை மணி நேரத்தில் வாசலில் பந்தல் போட்டுவிட்டார், கோயில் உபதேசியார் நவமணி ஜெபமாலையோடு வந்துவிட்டார், அதன் பிறகுதான் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்வது யார் காதிலாவது விழுந்தது.

“கட்டுன பந்தல சும்மா பிரிக்கக் கூடாதுலா பாப்பா. என்னமாச்சும் ஒண்ணு நடத்திட்டுத்தான் பிரிக்கணும்” என்றார் மண்டோர்.

“அதுக்காக அந்தப் புள்ள சாவணுமா மண்டோரே? நானே பாதிப் பாட்ட முழுங்கிட்டு நிக்கிறேன்!” என்றார் ராக்காயி அக்கா.

கடைசியில் உங்கள் நலனுக்காக ஜெபமாலை சொல்வது என்று முடிவானது. ஆனால் சாவுப் பந்தலுக்குக் கீழே நின்றபோது உபதேசியாருக்கு வேறு ஜெபம் வாயில் வரவில்லை. ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிக்கும்போதெல்லாம், “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று இறந்தவர்களுக்கான ஜெபத்தையே சொன்னார். எல்லோரும் பழக்கத்தில் பதில் சொன்னார்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை அம்மா பாயில் முகம் குப்புற விழுந்தார். அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. நீங்கள் விட்டுப்போன சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுகிறார், காய்ந்ததும் எடுத்து மறுபடி துவைக்கிறார்.

நேற்று மாலை அப்பா படிவத்தைக் கேட்டார். “அவன் கேட்டு நான் எதயும் குடுத்ததில்ல. எங்க போடணும், காட்டு” என்றார். பேப்பர் ஓரத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்து, “உசுரோட வீட்டுக்கு அனுப்பணும்னு எழுது. பெரிய எழுத்துல எழுது” என்றார். அப்படியே எழுதினேன்.

அப்பா தம் ஆசீரைத் தெரிவிக்கச் சொன்னார். அம்மா சொல்லாததை நான் எழுத முடியாது. ராக்காயி அக்கா உங்களை விசாரித்தார், பாடியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமாம்.

உங்கள் பாசமுள்ள தங்கை,
எல்ஸி

பின்குறிப்பு: படிவம் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உறையில் தேடாதீர்கள், நான் வைக்கவில்லை. பனியில் புதைந்தவர் எத்தனை நிமிடம் மூச்சுவிடலாம் என்று பள்ளி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அதை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நாளை அப்பா தம் கையால் இந்த உறையைத் தபாலில் போடுவார், உள்ளே தம் கையெழுத்தும் போகிறது என்றே நினைப்பார். உங்களுக்குக் கோபம் வந்தால் என் பெயருக்கே எழுதுங்கள். இன்னும் எழுத வேண்டும், ஆனால் தோட்டத்தில் எல்லா வீட்டு விளக்கையும் அணைக்கும் நேரமாகிவிட்டது.