நானூற்றுப் பதினேழாம் நம்பர் மரம்

ஒரு காட்டில், குங்கிலிய மரங்கள் அடர்ந்து நின்ற மலைச்சரிவில், மாசிலாமணி என்றொரு இருவாச்சிப் பறவை குடும்பம் நடத்தி வந்தது. அதன் மனைவி பெயர் பூங்காவனம்.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனபின் இறகுகளையெல்லாம் உதிர்த்துவிடும். குஞ்சு வளர்ந்து, தனக்கும் புது இறகு முளைத்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை சாப்பாட்டுக் கவலை முழுக்கப் புருஷனுடையது.

மாசிலாமணி அதில் குறை வைத்ததில்லை. தினம் இருபது நடை அத்திப்பழம் கொண்டுவரும். பூங்காவனமும் குறை சொல்வதில் குறை வைத்ததில்லை.

"இதுவும் புளிக்குதுங்க. பழுத்ததா காயான்னு பார்த்துப் பறிக்க மாட்டீங்களா?"

ஒருநாள் காலை, மாசிலாமணி நான்காவது நடை முடிந்து திரும்பியபோது, மரத்தின் அடியில் சிவப்புப் பெயிண்டில் 417 என்று எழுதியிருந்தது. பெயிண்ட் டப்பாவோடு ஒரு காட்டுப்பன்றி 418ஐ எழுதிக்கொண்டிருந்தது. அது 'நிரந்தரப் பச்சை' மர ஆலையின் மேஸ்திரி. அந்தக் கம்பெனி ஐந்து மலைகளை முடித்துவிட்டு ஆறாவது மலைக்கு வந்திருந்தது.

"என்ன மேஸ்திரி இது?"

"நம்பர். வெள்ளிக்கிழமை அறுப்பு."

"உள்ளே என் சம்சாரம் இருக்குதுய்யா!"

"வெளியே வரச் சொல்லுங்க. இன்னும் மூணு நாள் இருக்கே."

"அதுக்கு இப்போ உடம்புல ஒரு இறகு கிடையாது. குஞ்சு வேற பொரிச்சிருக்கு. எங்கே வரும்?"

காட்டுப்பன்றி தலையைச் சொறிந்தது. அதற்கும் குட்டிகள் இருந்தன. "என் கையில ஒண்ணும் இல்லைங்க. ஆபீஸ்ல பசுமைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. போய் மனு குடுத்துப் பாருங்க" என்றது.

ஆலையின் அலுவலகம், நேற்றுவரை மூங்கில் புதராக இருந்த இடத்தில் இருந்தது. வாசலில் கதவளவு பெரிய பலகை. 'ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடுவோம். காடே எங்கள் உயிர்.' அந்தப் பலகைக்காக மட்டும் இரண்டு தேக்கு போயிருக்கும்.

உள்ளே நீண்ட வரிசை. டோக்கன் வாங்கிக்கொண்டு மாசிலாமணி கடைசியில் நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஒரு தேவாங்கு இருந்தது. அதன் முறை வந்து அரைமணி நேரமாகிறது. ஜன்னலை நோக்கி நடந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்து நின்றது பறக்கும் அணில் குப்பம்மாள். 418ஆம் நம்பர் மரத்துக்காரி. கையில் படிவத்தை வைத்துக்கொண்டு முகர்ந்து முகர்ந்து பார்த்தது.

"என்ன தங்கச்சி, எழுதாம மோந்துக்கிட்டே இருக்கே?"

"இந்தப் பேப்பர்ல எங்க பழைய வீட்டு வாசனை அடிக்குது அண்ணே."

பசுமைப் பிரிவின் தலைவர் ஒரு மரநாய். பெயரிலேயே மரம் இருந்ததால் அதற்கு அந்த வேலை கிடைத்திருந்தது. மாசிலாமணி சொன்னதையெல்லாம் அது கண்ணை மூடிக் கேட்டது. கேட்டு முடித்ததும் படிவத்தைப் புரட்டியது.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா உள்ளே குடியிருக்கிறவங்க நேர்ல வந்து ஆட்சேபணை சொல்லணும். அதுதான் விதி."

"நேர்ல வர முடியலைன்னுதானே சார் ஆட்சேபணையே!"

"புரியுது. அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. அதையும் அவங்கதான் நேர்ல வந்து வாங்கிக்கணும்."

மரநாய் உடனே எழுந்து வந்து அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. குணம் கெட்ட பிராணி இல்லை அது. "கவலையே படாதீங்க. உங்க மரத்துக்குப் பதிலா பத்து மரம் நட்டாச்சு. வாங்க, காட்டுறேன்" என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனது.

அங்கே பத்து பிளாஸ்டிக் பைகளில் பத்து யூக்கலிப்டஸ் கன்றுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். அதில் இரண்டு காய்ந்திருந்தன.

"இதுல பொந்து எங்கே சார்?"

"நூறு வருஷம் பொறுங்க. எங்க கம்பெனிக்கு எப்பவுமே நீண்டகாலப் பார்வைதான்."

மாசிலாமணி திரும்பி வந்து, கீறல் வழியாக நடந்ததைச் சொன்னது. உள்ளிருந்து பூங்காவனத்தின் குரல் மெல்ல வந்தது.

"குஞ்சுக்கு இன்னும் கண்ணே திறக்கலைங்க."

அன்று கொடுத்த பழம் புளிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் மாசிலாமணியை மிகவும் கலக்கியது.

வியாழக்கிழமை, ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து தணிக்கையாளர் வந்தார். அவர் ஒரு வாலாட்டிக் குருவி. வருஷா வருஷம் குளிருக்கு இந்தப் பக்கம் வருகிறவர். காட்டை முறையாகப் பராமரிக்கும் கம்பெனிகளுக்கு 'இலைச் சான்றிதழ்' தருவது அவர் உத்தியோகம். அந்தச் சான்றிதழ் இல்லாத மரத்தை வெளிநாட்டில் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். மரநாயும் ஆலையின் மற்ற பெரிய மனிதர்களும் பின்தொடர, வாலை ஆட்டிக்கொண்டே அவர் சரிவில் நடந்து வந்தார்.

மாசிலாமணி கிளையிலிருந்து நேராக அவர் முன்னால் இறங்கியது.

"ஐயா, நாளைக்கு இந்த மரத்தை அறுக்கப் போறாங்க. உள்ளே என் சம்சாரமும் பச்சைக் குழந்தையும் இருக்கு. நீங்களே வந்து பாருங்க!"

மரநாய்க்கு வியர்த்துவிட்டது. வாலாட்டிக் குருவி அண்ணாந்து பார்த்தார். சுவர் வைத்து அடைத்த பொந்து. நடுவில் ஒரு கீறல். அதில் மஞ்சளாய் ஓர் அலகின் நுனி. மேலே இலைகளுக்கிடையில் காலை வெயில்.

"அற்புதம்!" என்றார். "மரத்தை விட்டு வரவே மாட்டேன்னு சுவர் வச்சு உட்கார்ந்திருக்காங்களா? இப்படி ஒரு பிணைப்பை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லையே! இது யாருடைய ஏற்பாடு?"

மரநாய் ஒரு மூச்சு வாங்குவதற்குள் மாறிவிட்டது.

"எங்களுடையதுதான் சார். 'குடும்பத்தோடு வனம்' திட்டம். இந்த மரத்தை நாங்க தொடவே மாட்டோம்."

"பலே! இந்தப் பறவை அதைத் தன் வாயாலே சொன்னால் வீடியோ எடுத்துக்கொள்ளலாமே" என்றார் வாலாட்டிக் குருவி.

செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மரநாய் மாசிலாமணியின் காதருகே குனிந்தது. "ஒரே ஒரு வரி சார். 'இந்தக் கம்பெனி என் குடும்பத்தைக் காப்பாற்றியது.' சொன்னா மரம் உங்களுக்கு. சொல்லலைன்னா நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அன்று ஆபீஸ் வரிசையில் நின்ற பிராணிகளெல்லாம் அதற்குள் சரிவில் வந்து கூடியிருந்தன. குப்பம்மாள் 418ஆம் மரத்தில் தொற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் 419, 420 என்று சரிவு முழுக்கச் சிவப்பு நம்பர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் மாசிலாமணி அலகைத் திறந்தது. அப்போது பொந்துக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிட்டது. பசி வேளை.

"இந்தக் கம்பெனி என் குடும்பத்தைக் காப்பாற்றியது" என்றது மாசிலாமணி.

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபோது குப்பம்மாள் அருகில் வந்தது. திட்டும் என்று எதிர்பார்த்து மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டது.

"நல்லாப் பேசினீங்க அண்ணே. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"எங்க மேல்கிளை சும்மாதான் இருக்கு தங்கச்சி. நீ அங்கே வந்துடு."

மறுநாள் சட்டி முட்டியோடு அது வந்தது. ஆனால் அதற்குள் மரத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். 'அனுமதி பெற்ற குடியிருப்போர் மட்டும்' என்று பலகை தொங்கியது. காவலுக்கு நின்ற காட்டுப்பன்றி மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. குப்பம்மாள் சட்டி முட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலையைப் பார்த்துப் போய்விட்டது.

மாசிலாமணியின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இலைச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் கிடைத்ததால் ஆர்டர் குவிந்தது. ஆர்டர் குவிந்ததால் ஆலை மூன்று வேளையும் ஓடியது. அத்தி மரங்களும் போய்விட்டதால், மாசிலாமணி பழத்துக்கு இரண்டு மலை தாண்டிப் பறந்தது. இருபது நடை ஐந்து நடையானது. மெஷின் சத்தம் என்ன என்று பூங்காவனம் உள்ளிருந்து கேட்கும்போதெல்லாம், "வேலை நடக்குது புள்ள" என்று மட்டும் சொல்லும்.

ஒருவழியாக இறகு முளைத்து, சுவரைக் கொத்தி உடைத்து, குஞ்சோடு பூங்காவனம் வெளியே வந்தது. கிளையில் நின்று நாலாபக்கமும் பார்த்தது. சரிவு முழுக்க வெறும் அடிக்கட்டைகள். நடுவில் வேலிக்குள் ஒரே ஒரு மரம்.

"என்னங்க, நாம எப்போ இடம் மாறினோம்?"

"நாம எங்கேயும் போகலை புள்ள. மத்ததெல்லாம்தான் போயிடுச்சு" என்றது மாசிலாமணி. பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது.

பூங்காவனம் கேட்டு முடித்ததுமே, கையில் பூங்கொத்தோடு மரநாய் வந்துவிட்டது.

"வணக்கம் மேடம். அடுத்த வருஷமும் தணிக்கை இருக்கு. ஏழாவது மலைக்குச் சான்றிதழ் வாங்கணும். அதுவரைக்கும் பொந்துக்குள்ளேயே இருந்தீங்கன்னா பெரிய உபகாரமா இருக்கும். வீடியோவுக்கு அலகு மட்டும் தெரிஞ்சால் போதும்."

பூங்காவனம் அடிக்கட்டைகளைப் பார்த்தது. குஞ்சைப் பார்த்தது. கடைசியாகக் கணவனை ஏற இறங்கப் பார்த்தது.

"அலகுதானே வேணும்? யாருடையதா இருந்தா என்ன?" என்றது. "என்னங்க, நீங்க உள்ளே போங்க. நான் மண்ணு குழைச்சுக்கிட்டு வர்றேன்."

நீதி: ஒரே ஒரு மரத்தை நாலு பேர் பார்க்கும்படி காப்பாற்றத் தெரிந்தவருக்கு, மீதிக் காட்டை வெட்டும் தகுதி தானாக வந்து சேரும்.