தாண்டவமூர்த்தி கேட்டு வாங்கிய பழைய பாட்டு

ஒரு காட்டில், உடும்பு வம்சத்தின் மூத்த வாரிசும், கரட்டுப்பாறைப் பெரும்பொந்தின் ஏகபோக உரிமையாளரும், 'ஈரச்சுள்ளி' இசைக்குழுவின் ஆதி ரசிகருமாகிய திருவாளர் தாண்டவமூர்த்தி அவர்கள், ஐம்பத்திரண்டு அகவை நிறைவெய்தி, ஒரே ஒரு மனக்குறையோடு வாழ்ந்துவந்தார். ஈரச்சுள்ளிக் குழுவினர் 'வாடகைப் பொந்து' என்னும் தங்கள் முதற்பாட்டை இப்போதெல்லாம் பாடுவதில்லை என்பதே அக்குறை.

ஈரச்சுள்ளி ஒரு மூவர் குழு. பாடுபவர் நீலமேகம் என்ற தவளையார். தந்தி மீட்டுபவர் ஒரு சில்வண்டு. தாளம் கொட்டுபவர் பிச்சாண்டி என்ற மரங்கொத்தியார். எந்தச் சபாவையும் எந்த முதலாளியையும் அண்டாமல், தாமே பாட்டுக்கட்டி, தாமே பாடி, கச்சேரி முடிந்ததும் இடத்தைத் தாமே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் சுயேச்சைக் குழு. ஓடைப்பள்ளத்தில் நடந்த அவர்களது முதற்கச்சேரிக்கு வந்தவர்கள் ஏழு பேர். நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எஞ்சிய மூவரும் தவளையைத் தின்ன வந்தவர்கள். அம்மூவருள் ஒருவரான தாண்டவமூர்த்தி, முதல் அடி முடிவதற்குள் பசியை மறந்தார். இசையின் மகிமைக்கு இதனினும் பெரிய சான்று உண்டோ என்று அவர் பிற்காலத்தில் பலரிடமும் கேட்டதுண்டு. பலரும் வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்ததுண்டு.

உடும்பு பற்றினால் விடாது. ஆனால் பற்றப்பட்ட குழுவோ ஒரே இடத்தில் நிற்கவில்லை. இரண்டாம் தொகுப்பில் பின்பாட்டுக்குத் தேனீக்களைச் சேர்த்தார்கள். "இது துரோகம்" என்றார் தாண்டவமூர்த்தி. மூன்றாம் தொகுப்பில் பிச்சாண்டியார், கொட்டப்போவதுபோல் தலையை ஓங்கிக் கொட்டாமலே விட்டுவிடும் ஒரு நுட்பத்தைக் கண்டறிந்தார். "தேனீக்காலமே பொற்காலம், இதுதான் துரோகம்" என்றார் உடும்பார். நான்காம் தொகுப்பில் மூங்கில் காட்டுக்குள் போய் உட்கார்ந்து காற்றைப் பாடவிட்டு, மூவரும் சும்மா இருந்தார்கள். அப்போது அவருக்கு, கொட்டாமல் விட்ட கொட்டின் அருமை புரிந்தது. ஒவ்வொரு துரோகத்துக்கும் குழுவின் பெயர் பொறித்த ஒரு பனியன் வீதம் வாங்கி வைத்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் கடைசி வரிசையில் முன்னங்கால்களைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆதி ரசிகர்கள் ஆடுவதில்லை; தலையை மட்டும் சிறிதளவு அசைப்பார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, "வாடகைப் பொந்து" என்று குரல் கொடுப்பார். மேடையில் நீலமேகம் கண்ணை மூடிக்கொள்வார். தவளைகள் அடிக்கடி கண்ணை மூடுவது இயல்பாதலால், அது மறுப்பா தற்செயலா என்பது யாருக்கும் விளங்காது.

"ஏங்க, உங்களுக்கு வேண்டியது அந்தப் பாட்டா, அப்ப இருந்த வயசா?" என்று கேட்டார் அவருடைய இல்லத்தரசியார் செண்பகவல்லி.

"கலையைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

"கலையப் பத்தித் தெரியாது. வீட்டுல பனியன் வைக்க இடமில்லங்கிறது தெரியும்."

இந்நிலையில், ஈரச்சுள்ளியின் மாபெரும் கச்சேரி பற்றிய அறிவிப்பு வந்தது. சீட்டைக் கைப்பேசியில்தான் வாங்க வேண்டுமாம். 'உங்களுக்கு முன் நாலாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்' என்றது கைப்பேசி. எழுவரில் ஒருவராக நனைந்து நின்றவருக்கு இது எத்தகைய அவமானம்! பொறுமையிழந்து நாவால் திரையைத் தொட்டார். உடும்பின் நாக்கு நுனியில் பிளவுபட்டது. ஆகையால் இரண்டு இருக்கைகள் பதிவாயின.

"பரவால்ல, நானும் வந்து தொலையிறேன்" என்றார் செண்பகவல்லி.

அன்றே தாண்டவமூர்த்தி ஒரு முடிவுக்கு வந்தார். சாவதற்குள் ஒருமுறை அந்தப் பாட்டை, முதல் நாள் கேட்டபடியே கேட்டுவிட வேண்டும். நேரே குளத்துக்குப் போனார். நீலமேகம் வழக்கம்போல் நீருக்குள் இருந்தபடியே வரவேற்றார். ஆண்டுகள் பல கடந்த நட்பிலும் அந்தச் சிறு முன்னெச்சரிக்கையை அவர் கைவிட்டதில்லை.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டாச்சா?"

"ஆயிற்று."

"அப்ப கரைக்கு வாறேன். சொல்லுங்க."

உடும்பார் தம் விண்ணப்பத்தைச் சொன்னார்.

"பாடக்கூடாதுன்னு இல்ல அண்ணாச்சி. அந்தப் பாட்டு எங்களுக்கு மறந்துபோச்சி. பிச்சாண்டிக்கும் ஞாபகமில்ல."

"எனக்கு நினைவிருக்கிறது."

"எவ்வளவு?"

"முழுவதும்."

இவ்வாறாக, ஈரச்சுள்ளிக்கு ஈரச்சுள்ளியின் பாட்டைக் கற்றுக்கொடுக்கும் பெரும்பேறு தாண்டவமூர்த்திக்கு வாய்த்தது. குளக்கரையில் ஒத்திகை தொடங்கியது. நீலமேகம் பாடினார், அனுபவம் முதிர்ந்த குரல் ஆற்றொழுக்காக ஓடியது.

"இல்லை. இரண்டாம் அடியில் தொண்டை கட்ட வேண்டும்."

"அன்னைக்கி எனக்குச் சளி அண்ணாச்சி."

"அந்தச் சளிதான் அந்தப் பாட்டின் உயிர். பிச்சாண்டி, நீங்கள் இந்த இடத்தில் தாளம் தப்ப வேண்டும்."

"தப்புனேனா?" என்றார் பிச்சாண்டி, முகம் சுருங்கி. "எந்த இடத்துல?"

"எல்லா இடத்திலும்."

கற்ற வித்தையை மறப்பது கற்பதைவிடக் கடினம். மரங்கொத்தியார் தப்பாமல் தப்பப் பழகுவதற்குப் பகலெல்லாம் உழைத்தார். தவளையார் சளி பிடிக்கட்டும் என்று பனியில் கிடந்தார். சில்வண்டுக்கு மட்டும் சிரமமில்லை. அது அன்றும் இன்றும் ஒரே சுரத்தையே மீட்டிவருகிறது.

கச்சேரி நாளன்று வாயில் வரிசையில் நின்றபோது, புத்தம்புதிய பனியன் அணிந்த ஒரு கீரிப்பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், பேத்திக்குத் துணைக்கு வந்தீங்களா?"

"அம்மணி, நான் இவர்களுடைய முதற்கச்சேரியைக் கேட்டவன்."

"ஓ. அப்ப நல்லாப் பாடினாங்களா?"

"மிகவும் மோசமாகப் பாடினார்கள்" என்றார் தாண்டவமூர்த்தி, பெருமிதத்தோடு.

கச்சேரியின் இறுதியில் 'வாடகைப் பொந்து' ஒலித்தது. தொண்டை கட்டவேண்டிய இடத்தில் கட்டியது. தாளம் தப்பவேண்டிய இடமெல்லாம் தப்பியது. கடைசி வரிசையில் தாண்டவமூர்த்தி, ஆதி ரசிகர் மரபையும் மீறி, கண்ணீர் உகுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கம் நோக்கினார். நாலாயிரம் பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். கீரிப்பெண் அழுதாள். மயில்கள் அழுதன. செண்பகவல்லி, "ஏங்க, இவ்வளவு நல்ல பாட்ட ஏன் எனக்குச் சொல்லவே இல்ல?" என்று விம்மினார்.

மறுநாள் காடெங்கும் அதே பாட்டு. 'ஈரச்சுள்ளியின் துணிச்சலான புதுப்பாதை' என்று கிளிகள் மரத்துக்கு மரம் விமர்சனம் பேசின. குரங்குகளின் கைப்பேசிகள் அந்தப் பாட்டாகவே மணியடித்தன. யானை வீட்டுக் காதுகுத்தில் அதைப் போட்டார்கள். தாண்டவமூர்த்தி எத்தனையோ காலம் ஒற்றையாய் நெஞ்சுக்குள் வைத்துக் காத்த சளி, இன்று ஊரார் தொண்டையிலெல்லாம் கட்டியிருந்தது. அவர் குளத்துக்கு ஓடினார்.

"நீலமேகம், அந்தப் பாட்டை நிறுத்திவிடுங்கள்."

"நீங்கதான அண்ணாச்சி கேட்டீங்க?"

"நான் கேட்டேன். அவர்கள் ஏன் கேட்கிறார்கள்?"

தவளையார் அவரைப் பரிவோடு நோக்கினார். "இனி அதப் பாடாம எங்கள எறங்க விடமாட்டாங்க அண்ணாச்சி. அடுத்த தொகுப்பு முழுக்க அதே மாதிரிதான். பிச்சாண்டி புதுசா எட்டு இடத்துல தப்பக் கத்துக்கிட்டாரு" என்று சொல்லி, வந்தவரின் முகத்தைப் பார்த்ததும், மெல்ல நீருக்குள் பின்வாங்கினார்.

அடுத்த கச்சேரிக்குச் செண்பகவல்லி கீரிப்பெண்ணோடு கிளம்பிப் போனார், கணவரின் பனியன்களுள் மிகப் பழையதை அணிந்துகொண்டு. பொந்தில் தனித்திருந்த தாண்டவமூர்த்தியின் செவியில், வெயில் சாயும் வேளையில், புதர்ப்பக்கமிருந்து ஓர் ஓசை விழுந்தது. போய்ப் பார்த்தார். ஒரு பெருச்சாளி துருப்பிடித்த தகரம் ஒன்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கேட்பார் எவருமில்லை. தாண்டவமூர்த்தி முன்னங்கால்களைக் கட்டிக்கொண்டு, சற்றுப் பின்தள்ளி நின்றார். தலை தானாகவே சிறிதளவு அசைந்தது.

பெருச்சாளி சற்று ஓய்ந்து, தகரத்தைத் திருப்பிப்போட்டு, மறுபடியும் பிறாண்டியது.

"முதலில் பிறாண்டியதுபோல் இல்லையே" என்றார் தாண்டவமூர்த்தி, முகமெல்லாம் மலர்ந்து.

இவ்விதமாக அவருடைய மனக்குறை தீர்ந்தது கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.

நீதி: நீ நேசிக்கும் கலைஞனிடம் உன் ஆசையை ஒருபோதும் வெளியிடாதே, அவன் அதை நிறைவேற்றித் தொலைத்துவிடுவான்.