முட்டி நனையாத பள்ளம்

ஒரு காட்டில் ஒரு ரோடு இருந்தது. அந்த ரோட்டின் நடுவில் ஒரு பள்ளமும் இருந்தது. ரோடு போட்ட மறுமாசமே பள்ளமும் வந்துவிட்டதால், இரண்டும் கூடப்பிறந்தவை என்றே காட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தெய்வானை என்கிற வெள்ளாடு குடியிருந்தாள். பயபக்தியானவள். தினமும் மரத்தடிப் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தாமல் வாயில் ஒரு இலை போடமாட்டாள். சாத்திய புல்லைத் தானே தின்றுவிடாமல் திரும்பி வருவதுதான் அவளுடைய பெரிய விரதம்.

அவளுடைய ஒரே மகள் அஞ்சலையைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். அஞ்சலைக்கு இப்போது நிறைமாதம். கொம்பு நிறைய வளையல் அடுக்கி வளைகாப்பும் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது ஆட்டுக்குலத்து வழக்கம். மகளை அலுங்காமல் குலுங்காமல் கூட்டி வரவேண்டும். ஒரு பக்கம் முள்புதர், மறுபக்கம் பாறை. அந்த ரோட்டை விட்டால் வேறு வழியில்லை.

வண்டிக்கார எருமை சடையன் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

"வேண்டாம்க்கா. அச்சு முறிஞ்சா வேற போட்டுக்கலாம். வயித்துப்பிள்ளைக்காரியைக் குலுக்கி ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நிப்பேன்?"

அதற்குள் சம்பந்தியம்மா காக்காயிடம் சொல்லியனுப்பிவிட்டாள்: "பிள்ளையைக் கூட்டிட்டுப் போக ஒரு வழி இல்லாத வீட்டுலயா நாம பொண்ணெடுத்தோம்?"

தெய்வானைக்கு மனசு தாங்கவில்லை. தானே வாயால் கல்லைக் கவ்விக் கவ்விப் பள்ளத்தில் போட ஆரம்பித்தாள். எங்கிருந்தோ ஓடி வந்தது காண்ட்ராக்டர் பெருச்சாளி.

"ஏம்மா, யாரைக் கேட்டு மூடுற? இது ஊராட்சிப் பள்ளம். மூடணும்னா டெண்டர் விடணும். டெண்டர் விட்டா நான் எடுக்கணும்."

"போன வருஷம் நீங்கதானே மூடுனீங்க?"

"மூடினேனே! போட்டோகூட இருக்கு."

"மழை பெய்ஞ்சதும் அவ்வளவும் கரைஞ்சு போச்சே, ஐயா!"

"மழைக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? மழை டெண்டர்லயே இல்லியே."

தெய்வானை ஊராட்சித் தலைவர் யானையிடம் போய் அழுதாள். தலைவர் நல்ல மனசுக்காரர். காதை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, உடனே இன்ஜினியர் கொக்கை அனுப்பிவைத்தார்.

கொக்கு பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் இறங்கி ஒற்றைக் காலில் நின்றது. அந்த ஊராட்சியில் பள்ளத்தை அளக்கும் முறை அதுதான். வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்தது.

"முட்டி நனையலையேம்மா."

"அதனால என்ன சார்?"

"முட்டி நனைஞ்சாத்தான் பள்ளம். இது சும்மா ரோடு கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்திருக்கு. இதுக்கெல்லாம் நிதி கிடையாது."

"சார், உங்க காலு இத்தனை நீளமா இருக்கு. எந்தப் பள்ளத்துல உங்க முட்டி நனையும்?"

"அளவைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துவிட்டது.

தெய்வானை பிள்ளையார் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அப்பனே, எனக்கு ஒரு முட்டி ஆழம்தான் குறையுது" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கே ஒரு யோசனை வந்தது. பள்ளத்தை ஏன் கொஞ்சம் ஆழமாக்கக் கூடாது?

சட்டத்துக்குப் பயந்தவள் ஆனதால் பெருச்சாளியிடம் போய்க் கேட்டாள்.

"ரோட்டைத் தோண்டினா தப்புங்களா?"

பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது. "தோண்டுறதுக்கு யாராவது அனுமதி கேப்பாங்களாம்மா? குழாய் போடுறவன், கேபிள் போடுறவன் எல்லாம் உன்னைக் கேட்டுட்டா தோண்டுனான்? மூடுறதுக்குத்தான் அனுமதி!"

தெய்வானை பக்கத்து வீட்டுக் காட்டுப்பன்றியைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு முட்டி ஆழம் மட்டும் போதும்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பன்றிக்குத் தோண்ட ஆரம்பிக்கத் தெரியுமே தவிர, நிறுத்தத் தெரியாது. அது தோண்டிக்கொண்டிருக்கும்போதே மழையும் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து பள்ளத்தில் பாய்ந்தது. மழை விட்டதும் பார்த்தால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தண்ணீர்!

கொக்கு வந்து இறங்கியது. முட்டி நனைந்தது. வயிறு நனைந்தது. கொக்கு நடுங்கிப்போய்த் தலைவரைக் கூப்பிட்டது.

தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரோட்டு நிதியில சல்லிக்காசு இல்லம்மா. ஆனா குளத்து நிதி அப்படியே கிடக்கு. சீக்கிரம் செலவழிக்காட்டி மேலிடத்துல திருப்பி வாங்கிக்குவாங்க. செலவழிக்க நம்ம காட்டுல குளமே இல்லியேன்னு நானே தூக்கம் வராம கிடந்தேன்."

"அந்தக் காசுல இந்தப் பள்ளத்தை மூடிடலாமே, ஐயா?"

தலைவர் தும்பிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! குளத்துக் காசுல ரோடு போடுறதா? அது ஊழல்ம்மா!"

"ஆனா மீன் இருந்தாத்தான் தலைவரே குளம்" என்று கொக்கு இழுத்தது. அதே நேரம் வாய்க்கால் தண்ணீரோடு வந்த அயிரை ஒன்று துள்ளியது. கொக்கு லபக்கென்று விழுங்கிவிட்டு, "சோதிச்சாச்சு. குளம்தான்" என்றது. தூர் வாரும் டெண்டர் பெருச்சாளிக்குக் கிடைத்தது. "இது நீர்நிலை. யாரும் மூடக் கூடாது" என்று பலகையும் வைத்துவிட்டார்கள்.

தெய்வானை கரையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். "பிள்ளையாரப்பா, நான் ஒரு முட்டி கேட்டேன். நீ ஒரு குளத்தையே குடுத்துட்டியே! என் பிள்ளை எப்படி வருவா?"

அப்போது பார்த்து வண்டியோடு வந்தான் சடையன். தண்ணீரைப் பார்த்தான். கண்கள் சொருகிப்போயின. வண்டியை அப்படியே அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினான். மூக்கும் கொம்பும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"அடடடா... அக்கா! இதை முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா? இனிமே வண்டி எதுக்கு? நம்ம அஞ்சலையை என் முதுகுல ஏத்திட்டு வர்றேன்!"

போன வேகத்தில் கூட்டி வந்துவிட்டான். தட்டு நிறையப் பூவை வைத்துக் கொண்டுவந்தால்கூட ஒரு இதழ் உதிர்ந்திருக்காது. அப்படி அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்கினாள் அஞ்சலை. அன்று சாயங்காலமே இரட்டைக் குட்டி. பேரப்பிள்ளைகளைப் பார்க்க எருமை ஏறி வந்த சம்பந்தியம்மா, "எத்தனையோ ஊருல ரோடு உண்டு. இப்படி வசதி எங்க உண்டு?" என்று சொல்லியே ஆகவேண்டியதாயிற்று. தெய்வானை பிள்ளையாருக்கு இரட்டிப்பாக அருகம்புல் வைத்தாள்.

மறுவாரம் பக்கத்துத் தெரு மான் அழுதுகொண்டு வந்தாள். "எங்க வாசல்லயும் ஒரு பள்ளம்க்கா. கொக்கு சார் வந்து நின்னு பார்த்தாரு. முட்டி நனையலையாம்."

தெய்வானை அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இதுக்குப் போய் அழுவாங்களாடி? இரு, பன்றி அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்."

இப்போது அந்தக் காட்டில் ரோடே கிடையாது. நீர்நிலைகளைப் பெருக்கியதற்காக ஊராட்சிக்கு விருது கொடுத்தார்கள். தலைவரைச் சுமக்கத்தான் எந்த எருமையும் முன்வரவில்லை. அவர் நீந்திப் போய் வாங்கிக்கொண்டார்.

நீதி: வாசல் பள்ளத்தை மூட யாரும் வரவில்லையே என்று ஏங்காதே. இன்னும் கொஞ்சம் தோண்டு, இரண்டு மீனை விடு, மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.