சென்னப்பன் ஒளித்த ஆறு வருஷம்

இனிமேல் இந்த வீட்டில் யாரும் ஆதார் அட்டையைத் தொடக்கூடாது என்று பாப்பாரப்பட்டி புளி மண்டி சென்னப்பன் சட்டம் போட்டார். நான்கு அட்டைகளையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

“ரேஷன் கடையில கேக்கறாங்க, குடுங்க” என்றாள் மனைவி மலர்விழி.

“கண்டவங்ககிட்ட நீட்டறதுக்கா அது? அந்தரங்கம் மனுசனோட அடிப்படை உரிமை. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.”

“நான் கண்டவளாங்க?”

“பொண்டாட்டியா இருந்தாலும் உரிமை உரிமைதான்.”

நாட்டு மக்களின் உரிமைக்காக மனுஷர் துடிக்கிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துடித்ததெல்லாம் அட்டையில் இருந்த பிறந்த தேதிக்காக. பெண் பார்க்கப் போன அன்று, முப்பத்துநாலு வயசை இருபத்தெட்டு என்று கூசாமல் சொல்லிவைத்தார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பொய்யைக் கட்டிக் காத்து, ஞாயிறு தவறாமல் மீசைக்கு மையடித்து வருகிறார். ஊருக்கு அவர் இப்போது ஐம்பத்துநாலு. உண்மை வெளியே வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மலர்விழி “சரிங்க” என்று தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் எதிர்க்கடை மாதையன் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு மண்டிக்குள் வந்தார்.

“கெடச்சுதுங்கண்ணா. குடும்பத்தோட வந்துடறோம்.”

சென்னப்பன் வாங்கிப் பார்த்தார். சென்னப்பன் – மலர்விழி, அறுபதாம் கல்யாணம். பிறந்த தேதி, மாதம், வருஷம் எல்லாம் கொட்டை எழுத்தில். கல்லாவைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினார்.

“பீரோவ ஒடச்சியா?”

“எதுக்குங்க? அட்டை எடுத்தன்னிக்கு உங்க போனு கெணத்துல உழுந்து கெடந்துச்சு. என் நம்பரத்தான் குடுத்தீங்க. ஓடிபி எனக்குத்தான் வருது. ரேஷன் கடைக்காகப் போன்லயே உங்க அட்டைய எறக்குனேன். பாத்தா, அறுபது. நல்ல காரியத்தத் தள்ளிப்போடலாமா?”

“எத்தன பேருக்குடி குடுத்த?”

“முந்நூறு. கடத்தூர் வரைக்கும் போயாச்சு.”

சென்னப்பனின் கை மீசைக்குப் போனது. “பாத்துட்டு… ஊரு என்ன சொல்லுச்சு?”

“எல்லாரும் ஒண்ணேதாங்க கேட்டாங்க. ‘இப்பத்தான் அறுபதா’ன்னு.”